மிராசுதாரின் உண்டைவில்

மண் உண்டையை வைத்து நாணை இழுத்துவிட்டால், அது மிராசுதாரின் கட்டைவிரலிலேயே அடித்தது. நகம் கறுத்துவிட்டது.

"என்ன ஆசாரி, எத்தனை தடவை இழைச்சும் கோளாறு போகலையே?"

சாமிதுரை ஆசாரி மூங்கில் வில்லை வாங்கித் தென்னையைக் குறிபார்த்து நாணை இழுத்துவிட்டார். உண்டை மட்டையில் போய்ப் பட்டது. மிராசுதார் மட்டையைத்தான் பார்த்தார்.

"வில்லு சரியாத்தான் இருக்குங்க. பழகினா வந்துடும்."

"சீக்கிரம் வரணும். அறுப்பு ஆரம்பிச்சா அதுங்க வயலை மொய்ச்சிடும். ஆட்சி மாறிடுச்சுன்னு ஏமாத்தாதே. நீ குடியிருக்கிறது என் மனைக்கட்டுல."

அவர் துப்பிய வெற்றிலை எச்சில் உளியில் தெறித்தது. ஆசாரி அதை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வாய்க்காலில் உளியைக் கழுவும்போது, நெற்றித் தழும்போடு செவ்வந்தி வந்து நின்றாள்.

"போன அறுப்புல, சிந்தின கதிரைப் பொறுக்கினதுக்கு அவரு அடிச்ச அடி இது. அந்த வில்லு ஒடிஞ்சுதேன்னு இருந்தோம். புதுசு செஞ்சு குடுத்திருக்கீங்களே, உங்களுக்கே அருவருப்பா இல்லையா?"

"பயப்படாம போய்ப் பொறுக்கு, தாயி. கைப்பிடியைச் சாய்ச்சு இழைச்சாத்தான் உண்டை விரலை விட்டு விலகிப் போகும். நான் எதிர்ப்பக்கமாச் சாய்ச்சிருக்கேன். அது என்னை மாதிரி இடக்கைக்காரனுக்கான வில்லு. வலக்கைக்காரன் இழுத்தா அவன் விரலைத்தான் அடிக்கும்."