கிரீஸ் கை

கம்பளை ஆஸ்பத்திரியில், பல வருடம் காத்திருந்த தங்கைக்கு விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மடவளையில் அக்கா றம்லத் பெல்ட் அறுந்த காரோடு வாசலில் நிற்கிறாள். புதிய பெல்ட்டை மாட்டியாயிற்று. இனி இறுக்க வேண்டும். அவள் இரும்புக் கம்பியால், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டனேட்டரை நெம்பிப் பிடிக்க, கணவர் ஹபீல் நட்டை முறுக்குகிறார். மழைவிட்ட வெயிலில் பொனட் மின்னுகிறது. "வுட்றாத, இன்னும் கொஞ்சம்!" "கை போனாலும் வுடமாட்டேன், நீங்க முறுக்குங்க!" ஹபீல் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் உறுமுகிறது, பெல்ட் ஒருமுறை கீச்சிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் சுழல்கிறது, பேட்டரியின் சிவப்பு விளக்கு அணைகிறது. "அல்ஹம்துலில்லாஹ்! கையக் கழுவிட்டு வா." "அங்க போய்க் கழுவிக்கிறேன், கதவத் தொறங்க!" காரில், குழந்தைக்கு வாங்கிய வெள்ளைத் துணிகளுக்குப் பக்கத்தில், கிரீஸ் படிந்த கரிய கைகள் இரண்டையும் உயர்த்திப் பிடித்தபடி, றம்லத் சிரித்துக்கொண்டே போகிறாள்.