கல்மேல் களாப்பழம்

சரவணக்குமார் சுற்றுமுற்றும் பார்த்தான். ரோட்டில் ஆளில்லை. சுமைதாங்கிக் கல்மேல் பூவரச இலையில் இருந்த களாப்பழங்களை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அட, திருட்டுப்பயல் என்று திட்டிவிடாதீர்கள். அது அவன் பெண்டாட்டி கலைமதிக்கு நட்ட கல். வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்கு இப்படி ஒரு கல் நடுவது ஊர் வழக்கம். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால் அவள் சுமையும் குறையுமாம். ஆடி மாசம் அவன்தான் நட்டான்.

ஆடு பத்திக்கொண்டு வந்த அடைக்கலம் பார்த்துவிட்டார். "ஏம்ப்பா, களா ஆடியோட முடிஞ்சுபோச்சே. ஐப்பசியில ஒனக்கு மட்டும் எங்கிட்டுக் கெடைக்குது?"

"எங்க அத்தை கொண்டாந்து வைக்கிறாங்கண்ணே. அவங்களுக்குத் தெரியாத புதரா?"

அத்தை ராசாத்திக்கும் அவனுக்கும் மூன்று வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மகள் சொல்லாமல் கொள்ளாமல் போய் அவனைக் கட்டிக்கொண்ட கோபம். ஏழாம் மாசம் கலைமதி போன் பண்ணி, "ஆத்தா, களாப்பழம் திங்கணும் போல இருக்கு" என்றாள். "ஒம் புருசன்கிட்டக் கேளு" என்று ராசாத்தி வைத்துவிட்டாள். மறு மாசமே வலிப்பு வந்து, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துபோனது.

கல் நட்ட அன்று ராசாத்தி மடி நிறையப் பழத்தோடு வந்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் பழம் அப்படியே வதங்கிக் கிடந்தது. "இன்னும் கோவம் தீரலையாடி ஒனக்கு?" என்று கல்லில் தலையை முட்டிக்கொண்டு அவள் அழுததை, கருவேல மரத்து மறைவில் நின்று அவனும் பார்த்தான். பெற்ற வயிறு அல்லவா, பார்க்கச் சகிக்கவில்லை. அவள் போனதும் பழத்தை எடுத்துவிட்டான்.

அடுத்த நாள் உச்சி வேளையில் புதுப் பழம் இருந்தது. மகள் தின்றுவிட்டாள் என்று நம்பித்தான் அத்தை மறுபடி வைத்திருக்கிறாள் என்று அவனுக்கு ஒரே சந்தோசம். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. நேருக்கு நேர் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே என்று, அவள் வந்து போயிருக்கும் நேரம் பார்த்தே வருவான்.

புளிப்பே ஆகாதவன், கீழே போட மனசு வராமல் அத்தனையும் தின்பான். தின்னும்போதெல்லாம் யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி பிடரி சிலிர்க்கும். திரும்பிப் பார்க்கப் பயம். பார்க்காமல் கிளம்பவும் மனசு வராது.

இன்று நிலைமை வேறு. சாயங்காலம் திருச்சியில் பிளைட், துபாயில் ரெண்டு வருசம் வேலை. நாளைக்குப் பழம் கல்மேலேயே காய்ந்து கிடந்தால்? மகளுக்கு மறுபடி கோபம் என்று அந்தப் பொம்பளை உயிரையே விட்டுவிடுவாள். ஒரு சாவையே நெஞ்சு தாங்கவில்லை, இன்னொன்று வேறா? பைக்கை அத்தை ஊரான வல்லத்திராக்கோட்டைப் பக்கம் திருப்பினான்.

ராசாத்தி வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறத்தோடு எழுந்து உள்ளே போகப் பார்த்தாள்.

"அத்தை, ஒரு நிமிசம் நில்லுங்க. திட்டுறதா இருந்தா அப்பறமா திட்டுங்க." நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "அந்தப் பழத்தைக் கலை திங்கல. நாந்தான் எடுத்தேன். நீங்க அழுதது பொறுக்காமத்தான் எடுத்தேன். நாளையிலேருந்து பழம் அப்படியே கெடக்கும். அவளுக்குக் கோவம்னு நெனச்சு நீங்க எதுவும் பண்ணிக்கிறாதீங்க."

ராசாத்தி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பயந்த அழுகையும் இல்லை, கோபத்தையும் காணோம்.

"எத்தனை நாளா எடுக்குறீங்க மாப்ள?" முதன்முதலாக அவனை மாப்ள என்றாள்.

"மூணு மாசமா அத்தை. தெனமும்."

"இன்னைக்குமா?"

பையிலிருந்து எடுத்து நீட்டினான். பறித்த காம்பில் பால்கூட இன்னும் காயவில்லை.

ராசாத்தியின் கையிலிருந்த முறம் நழுவிக் கடலையெல்லாம் வாசலில் சிதறியது.

"அன்னைக்கு அழுதுட்டு வந்தவதான் மாப்ள, அதுக்கப்பறம் நான் அங்கிட்டுப் போகவே இல்லையே!"