மூன்றாவது கவர்

"பெட்டியில போட்ட கவரை இப்பவே திருப்பி வாங்கிக்கோ. இல்லேன்னா மலை ரோட்ல உன் லாரி ஒண்ணுகூட ஓடாது."

டெண்டர் அலுவலக வராந்தாவில், புதிதாகப் போட்டிக்கு வந்த மூக்குக் கண்ணாடிக்காரரிடம் காண்ட்ராக்டர் எகிறிக்கொண்டிருந்தார். எகிறாமல் என்ன செய்வார்? மலையுச்சியிலிருக்கும் ராணுவ முகாமின் பராமரிப்பு வேலை பதினாலு வருஷமாக அவர் கையில் இருந்தது. ஜெனரேட்டர், தண்ணீர்க் குழாய், கூரைத் தகடு, எது கெட்டாலும் அவருடைய ஆட்கள்தான் போக வேண்டும். இன்றைக்கு அது கைவிட்டுப் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது.

கண்ணாடிக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று மணிக்குப் பெட்டியைத் திறக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

"பார்க்கத்தானே போறே" என்று காண்ட்ராக்டர் முணுமுணுத்தார். கண்ணாடிக்காரர் என்ன விலை போட்டிருக்கிறார் என்பதை நாலு பேரைப் பிடித்து நேற்றே கறந்தாகிவிட்டது. அதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் தன் கவரில் எழுதியிருந்தார்.

பெட்டியில் மூன்று கவராவது விழாவிட்டால் டெண்டர் ரத்து. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. மனைவியின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரில், அவள் பிறந்த வீட்டு விலாசத்தில், காகிதத்தில் மட்டும் ஒரு கம்பெனி வைத்திருந்தார். டெண்டர் வரும்போதெல்லாம் ஒரு பாரத்தை அவள் முன்னால் நீட்டுவார். "இங்க ஒரு கையெழுத்து போடு. படிக்கல்லாம் வேணாம்." அவளும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து போட்டுக் கொடுப்பாள்.

இந்தத் தடவை கண்ணாடிக்காரரின் விலையைத் தேடி அலைந்ததில் அந்தப் பாரத்தை நிரப்பக்கூட அவருக்கு நேரமில்லை. எதையாவது எழுதி ஒட்டி நீயே பெட்டியில் போட்டுவிடு என்று வெற்றுப் பாரத்தை அவளிடமே தள்ளிவிட்டார். அப்போதுதான் அவள் முகத்தைக் கவனித்தார். உதடெல்லாம் வெடித்து, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. நாலு நாள் அக்கா வீட்டுக்குப் போய் வந்தவள், அங்கே என்ன காற்றோ என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவளுக்கு முகாம் ஒன்றும் புதிதல்ல. மேலேயிருந்து போன் வந்தால் எடுப்பது அவள்தான். எந்தப் பம்புக்கு எந்த வாஷர் என்பதெல்லாம் அத்துப்படி. குழாய்களுக்கு நல்ல உறையாகச் சுற்றினால் பனியில் வெடிக்காது, பாவம், அந்தப் பிள்ளைகள் ஐஸை உருக்கிக் குடிக்க வேண்டியிருக்காது என்று மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். அவருக்கென்ன, வெடித்தால்தானே திரும்பத் திரும்ப பில் போடலாம்?

"மலையைப் பத்தி உனக்கென்ன தெரியும்? போனை எடுத்தோமா வெச்சோமான்னு இரு" என்று ஒருநாள் வெடுக்கென்று சொன்னார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று இவருக்குத் திருப்தி.

மூன்று மணிக்குப் பெட்டி திறந்தது. இந்த வருஷம் ஒரு புது விதி உண்டு, மலையேறி முகாமைப் பார்த்ததற்கு அங்குள்ள அதிகாரியின் கையெழுத்து இல்லாத கவர் செல்லாது என்று டெண்டர் அதிகாரி நினைவூட்டினார். காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டார். பல வருஷமாக மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், அந்தக் கையெழுத்தையும் ஆள் அனுப்பியே வாங்கி வைத்திருந்தார்.

முதல் கவர் கண்ணாடிக்காரருடையது. இரண்டாவது காண்ட்ராக்டருடையது, விலை குறைவு. கண்ணாடிக்காரரின் முகம் சுருங்கியது. காண்ட்ராக்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவினார்.

மூன்றாவது கவரைப் பிரித்து அதிகாரி விலையை வாசித்தார். காண்ட்ராக்டரின் விலையில் முக்கால்வாசிகூட இல்லை.

காண்ட்ராக்டர் துள்ளி எழுந்தார். "அந்தக் கவர் செல்லாது சார். மலையேறிப் பார்த்த கையெழுத்து அதுல இருக்காது."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஒட்டின கவருக்குள்ள என்ன இருக்கு, இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரி உள்ளேயிருந்து இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். கையெழுத்து இருந்தது. முத்திரையும் இருந்தது. இந்த அம்மா ரெண்டு நாள் மேலேயே தங்கி ஒவ்வொரு குழாயையும் அளந்து குறித்துக்கொண்டு போயிருக்கிறார் என்று முகாம் அதிகாரி தன் கைப்படக் குறிப்பும் எழுதியிருந்தார். தேதி, அவள் அக்கா வீட்டுக்குப் போன அதே தேதி.

அவள் என் பெண்டாட்டி என்று காண்ட்ராக்டர் கத்தலாம். கத்தினால் பதினாலு வருஷக் குட்டும் உடைந்து கம்பி எண்ண வேண்டியதுதான். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்தார். மூன்றாவது கவர்க்காரர் வந்திருக்கிறாரா என்று அதிகாரி கேட்டார்.

"இருக்கேன் சார்."

கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்தாள். யாரையும் பார்த்துக் கூசவில்லை. பெட்டி தங்கள் முன்னால்தான் திறக்கப்பட்டது என்று மூன்று பேரும் ஒப்பமிட வேண்டிய தாளை வாங்கி, வரிவரியாக நிதானமாகப் படித்துத் தன் பெயரை முழுசாக எழுதினாள். பிறகு அதைத் திருப்பிக் காண்ட்ராக்டர் முன்னால் வைத்து, காலியாக இருந்த இடத்தில் விரலை ஊன்றினாள்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க. படிக்கல்லாம் வேணாம்."