மைக் செட்டுக்கு வந்த ரிட்

“கட்டிலத் தொட முடியாது சேர். சட்டத்துலயே இருக்கு,” என்றார் அழகர்சாமி, கட்டிலுக்கும், கடனுக்காகப் பொருள் கைப்பற்ற வந்த நீதிமன்றப் பிஸ்கால் அதிகாரிக்கும் நடுவில் நின்றுகொண்டு.

அதிகாரி இந்திரகுமார் மாத்தளைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். கடனாளியின் உடுதுணி, படுக்கை, தொழில் கருவி ஆகியவற்றைக் கைப்பற்றக் கூடாது என்பதை அவரே சற்று முன் வாசலில் நின்று, ரிட் என்ற நீதிமன்றக் கட்டளையோடு சேர்த்து, தெருவுக்கே கேட்கும்படி வாசித்திருந்தார்.

“கட்டில் வேணாம். அதுக்குக் கீழ போர்வைக்குள்ள ஆம்பிளிஃபயர் இருக்கு. அத எடுங்க,” என்றார் வழக்காளி கமலாட்சி.

இந்திரகுமார் குனிந்து பார்த்தார். இருந்தது. மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் ஒரு பெண், தன் கடையிலிருந்து லொறியோடு கூடவே வந்து, இவ்வளவு துல்லியமாகத் துப்புச் சொல்வதை அவர் தம் சேவைக்காலத்தில் கண்டதில்லை.

வழக்கு எளியது. உள்ளூராட்சித் தேர்தலில் நிற்க, கமலாட்சியின் எட்டுப் பவுன் நகையை அழகர்சாமி கையெழுத்துப் போட்டு வாங்கினார். நகை மைக் செட்டாக மாறியது, சுவரொட்டியாக மாறியது. வாக்காக மட்டும் மாறவில்லை. இப்போது அடுத்த தேர்தலுக்கு அந்த மைக்கில் தினமும் ஒத்திகை. மைக் போனால் தேர்தலும் போகும். அது அவருக்கும் தெரியும், கமலாட்சிக்கும் தெரியும்.

“மைக் என் தொழில் கருவி சேர்.”

“என்ன தொழில்?”

“தலைமை.”

“வருமானம்?”

அழகர்சாமி யோசிப்பதற்குள் கமலாட்சி முந்திக்கொண்டார். “செலவு மட்டுந்தான். எழுதிக்கோங்க சேர்.”

தமது சிங்காசன நாற்காலியில் பகல்தூக்கம் போடுவதால் அதுவும் படுக்கைதான் என்று அழகர்சாமி வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. பொன்னாடைகள் மட்டும் உடுதுணிக் கணக்கில் தப்பின.

கடைசியாக மைக். அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி அவர் பேசாமல் நின்றார். மைக்கும் கையுமாக அவர் பேசாமல் நின்றது அதுவே முதல் தடவை.

இந்திரகுமார் அறிக்கைத் தாளை எடுத்தார். கடனாளி இன்னார் என்று வழக்காளி பெயரைச் சொல்லி அடையாளம் காட்டினால்தான் தம் அறிக்கை முழுமையாகும் என்றும், அதுவரை இந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட வெளியே போகாது என்றும் அறிவித்தார்.

கமலாட்சி வாயைத் திறந்தார். மூடினார்.

“தாள்லதான் இருக்கே சேர். நீங்களே வாசிங்க.”

“நான் வாசிச்சா செல்லாது. உங்க வாயால வரணும்.”

அழகர்சாமியின் முகம் மெல்ல மலர்ந்தது. “சொல்லச் சொல்லுங்க சேர். ஒரே ஒரு தடவை சொன்னா, இந்த மைக்க நானே கொண்டுபோய் லொறியில ஏத்துறேன்.”

கமலாட்சி மைக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“எல்லாத்தையும் இருந்த எடத்துலயே வெச்சிருங்க சேர்,” என்றார். “கோர்ட்டு கேக்குதுன்னு, கட்டின புருஷன் பேர நான் வாயால சொல்றதா?”