மஞ்சள் படிவம்

"வீட்டில எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

முனீர் ஹம்மாத் ஆறு என்றார். சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி சமீஹா, ஐந்து என்றாள்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "அஞ்சுன்னே எழுதிக்கோ, மகளே" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

அரபு வீடுகளுக்கு மஞ்சள் படிவம், துருக்கி வீடுகளுக்குப் பச்சை. பெர்லினில் ஒரே தெருவில், ஒரே மாதிரி பூஞ்சை பிடித்த சுவர்களுக்குள் இருக்கிற இந்த இரண்டு கூட்டமும் எப்படிப் பிழைக்கின்றன என்று பல்கலைக்கழகத்தில் யாரோ ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். கேள்விகள் அறுபது. இரண்டு நிறத்திலும் அதே அறுபது. நான் துருக்கிக்காரிதான். ஆனால் எல்லோரிடமும் ஜெர்மனில் கேட்டால் போதும் என்று சொல்லிவிட்டதால் என் பையில் இரண்டு நிறமும் இருந்தன.

மற்ற அரபு வீடுகளில் முதல் கேள்விக்கு முன்பே காபி வந்துவிடும். இங்கே பதினைந்தாவது கேள்வியைத் தாண்டியும் வரவில்லை.

தொழில் என்ன என்று கேட்டேன்.

"லெபனான்ல வெல்டர்."

"இங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். இந்த நபர் இந்நாட்டில் பொறுத்துக்கொள்ளப்படுகிறார் என்று அதில் அச்சடித்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முத்திரை. அதன் கீழே, வேலை செய்ய அனுமதி இல்லை. அந்தக் காகிதத்தைப் பதினெட்டு வருடமாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்.

பச்சைப் படிவங்களில் இந்த இடம் நிரம்பி ஓரத்துக்கு வழியும். கேபிள் தொழிற்சாலை, இருபத்திரண்டு வருடம். சாக்லேட் தொழிற்சாலை, பதினேழு வருடம். பெர்லின் சுவர் இடிந்த பிறகு தொழிற்சாலைகளை மூடினார்கள். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்த அப்பாக்கள் பிறகு எழுந்திருக்கவில்லை. ஆனாலும் படிவத்தில் எழுத அவர்களுக்கு ஏதோ இருந்தது.

மஞ்சளில் நான் ஒரு கோடு போட்டேன்.

அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஆளுங்கள தொழிற்சாலை வேலைக்குன்னு பல்லெல்லாம் பாத்து, கையெழுத்து வாங்கி, ரயில் ஏத்திக் கூட்டியாந்தாங்க. எங்கள யாரு கூப்பிட்டா? குண்டு விழுந்துச்சு, வந்துட்டோம்" என்றார். சிரிக்கவும் செய்தார். அவர் சிரிப்பில் என்மேல் கோபம் எதுவும் இல்லை.

அடுத்தது பிள்ளைகளின் படிப்பு. மூத்தவன் நிஸார் பத்தாவது முடித்திருந்தான். பேக்கரி ஒன்றில் தொழில் பழக இடமும் கிடைத்திருக்கிறது. ஆனால் அப்பாவின் கையில் இருந்த அதே காகிதம்தான் அவன் கையிலும் இருந்தது. தொழில் பழகுவதும் வேலைதான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவன் கார் கழுவும் இடத்தில் திருட்டுத்தனமாக வேலைக்குப் போனான். இரண்டு முறை பிடிபட்டான்.

போன நவம்பரில் ஒரு விடியற்காலையில் போலீஸ்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். பத்தொன்பது வயதுப் பையனை, ஒரு வயதில் கிளம்பி வந்த நாட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அவனுக்கு அரபு பேச வரும், வாசிக்க வராது. இப்போது தெருப் பெயர்ப் பலகைகளை அடுத்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறானாம்.

சமீஹா சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

"அவ கத்தின கத்து கீழ் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார் முனீர். "எதிர் வீட்டுக் கதவுல கண்ணாடித் துளை இருக்குல்ல, அதுல எப்பவும் சின்னதா வெளிச்சம் தெரியும். அன்னைக்கு இருட்டா இருந்துச்சு. யாரோ கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே இருந்தாங்க."

நான் பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லல. நானா இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்" என்றார்.

நாற்பத்தொன்றாம் கேள்வி அக்கம்பக்கத்தைப் பற்றியது. வேறு நாட்டிலிருந்து வந்த அண்டைவீட்டார் ஆபத்துக்கு உதவுவார்கள் என்று நம்புகிறீர்களா? முழுமையாக, ஓரளவு, இல்லவே இல்லை.

அவர் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். கேள்வி புரியவில்லையோ என்று திரும்ப வாசிக்கப் போனேன். கையமர்த்தினார்.

"முழுமையாகன்னு போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். மிச்சக் கேள்விகளை வேகமாக முடித்தேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா? அவரு படியேறும்போது முனகுறது இங்க உள்ள வரைக்கும் கேக்குது."

"ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க."

"நல்லபடியா முடியட்டும். நான் விசாரிச்சேன்னு சொல்லு."

கதவை மெதுவாகச் சாத்தினார்.

படிக்கட்டு விளக்கு அணைவதற்குள் படிவத்தைச் சுவரில் வைத்துக் கடைசிப் பக்கத்தை நிரப்பினேன். அது கேட்பவர்களுக்கு மட்டுமான பக்கம். பதில் சொன்னவரை உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்தால் அந்தப் படிவம் செல்லாது.

பதினாறு வருடமாக ஒரே மாடியில் இருக்கிறோம். இரண்டு கதவுக்கும் நடுவே நான்கு எட்டுதான்.

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். படிவம் செல்லாமல் போய்விடுமே என்று பயந்து அல்ல.

பிறகு சாவியை எடுத்து எங்கள் வீட்டைத் திறந்தேன்.