மூத்தவளுக்குத் திறக்காத பக்கம்

ஏரித் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கிசுமு நகரத்துப் பக்கம், ஏரிக்கரை மீன்துறையில் வெயில் தகரக்கூரையைக் காய்ச்சுகிறது. புதுச் சந்தையில் கடை வேண்டுவோர் பன்னிரண்டு மணிக்குள் இணையத்தில் பெயர் பதிய வேண்டும். மூத்த மனைவி அபோண்டியின் பழைய போன் பத்தாவது தடவையும், 'உங்கள் பிரவுசரை ஏற்பதற்கில்லை' என்கிறது. இளையவள் அவினோவிடம், புருஷன் வாங்கித் தந்த புதுப் போனில், படிவம் பளிச்சென்று திறந்து கிடக்கிறது. ஆனால் மூத்தவள் விதைக்காமல் இளையவள் விதைப்பது லுவோ குலத்து வீட்டில் நடக்காது; பெயர் பதிவதும் அப்படித்தான். அவினோவின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. "அக்கா, அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. ஊர்ல யாரும் வச்சுக்காத பிரவுசரை உங்க தலையில யாரு கட்டினது?" "என் தம்பி. டேட்டா கம்மியா திங்கும்னான்." "என் போன்லயே போடுங்களேன்." "எனக்கு அவரு வாங்கித் தந்தது ரேடியோ. அதுல போட்டுக்கறேன், போடி." அபோண்டி அந்தப் புதுப் போனைப் பார்க்கிற பார்வையில், கூடையில் துள்ளிக்கொண்டிருந்த மீனெல்லாம் கருவாடாகிறது. அவினோ கூடையை மெல்ல நிழலுக்கு நகர்த்துகிறாள். "உங்க பேரு முதல்ல, அப்புறந்தான் என் பேரு." அபோண்டி செதில் ஒட்டிய விரலைத் துடைக்காமலே போனைப் பிடுங்கி, தன் பெயரை அழுத்தி அழுத்திப் பதிகிறாள். சந்தை அதிகாரிகளோ கடைகளையெல்லாம் முந்தின நாளே சீட்டுக் குலுக்கிக் கொடுத்து முடித்திருந்தார்கள்.