ஏசுவதற்கு ஓர் ஆள்

இரண்டு முறை தண்டனை பெற்றவன் மூன்றாவது வழக்கில் சிக்கினால், யாரையாவது ஏசியதற்கே ஆனாலும், சாகும்வரை ஜெயில் என்று புதுச் சட்டம். மூக்காண்டிக்கு ஏற்கெனவே இரண்டு. பஸ்ஸில் துப்பியதற்கு ஒன்று, கண்டக்டரை ஏசியதற்கு ஒன்று. அதனால்தான் உப்பளத்து மேஸ்திரி பிச்சைக்கனி அவன் முதுகில் மட்டும் இரண்டு மூட்டை ஏற்றினான். வாய் திறக்க மாட்டான் என்ற தைரியம்.

முதுகு ஒடிவதற்குள் மூக்காண்டி மனைவிக்குப் போன் போட்டான். தங்கபுஷ்பத்தின் மேல் ஒரு வழக்கும் கிடையாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஏல பேதில போவான், ஒம் முதுவுல ஏத்துல ரெண்டு மூடைய!" என்று தொடங்கியவள், மேஸ்திரியின் பாட்டன் வரைக்கும் போய்விட்டுத்தான் மூச்சு விட்டாள்.

பிச்சைக்கனி பல்லைக் கடித்தான். அவன் மேலும் இரண்டு வழக்கு இருந்தது.

"செத்த பொறுங்க மதினி" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அவனும் தன் மனைவிக்குப் போன் போட்டான்.

ஞானப்பூ வந்தாள். மூக்காண்டியின் வளைந்த முதுகைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இதுக்கா என்னைய கூப்பிட்டீரு? எம்மேல ஏற்கெனவே ஒரு கேஸு விழுந்தாச்சு. இனி ஒரு தடவதான் பயமில்லாம ஏச முடியும். அத ஒமக்குன்னுல்லா பத்திரமா வச்சிருக்கேன்!"

பிச்சைக்கனி குனிந்து, மேல் மூட்டையைத் தன் முதுகுக்கு மாற்றிக்கொண்டான்.